தரங்கம்பாடியின் ஏட்டுக் களஞ்சியம்

வயது எழுபதைக் கடந்த நம் பெரியவர்கள் மாலைச் செபத்தில் அமரும்போது, அவர்கள் நாவில் ஒரு சொல் தானாகவே வந்து அமர்வதைக் கேட்டிருப்போம். 'சர்வேசுரன்' என்பது அச்சொல். இளைய தலைமுறையினர் 'இறைவன்' என்றும் 'ஆண்டவர்' என்றும் செபிக்கப் பழகிவிட்டனர். ஆனால் பெரியவர்களுக்குச் சர்வேசுரன்தான். அவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் அப்படித்தான் அழைத்தார்கள். ஆகவே அது கத்தோலிக்கருக்கே உரிய சொல் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம்.

தரங்கம்பாடியில் 1714, 1715ஆம் ஆண்டுகளில் தமிழில் முதன்முதலாகப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. அதை மொழிபெயர்த்தவர் லூத்தரன் சபையைச் சேர்ந்த செர்மானியக் குரு பர்த்தலோமேயு சீகன்பால்கு. அந்நூலிலும் கடவுளுக்கு வழங்கிய பெயர் சர்வேசுரன் என்பதே. பின்னாளில் வந்த சீர்திருத்தச் சபை மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் 'பராபரன்' என்றும் 'தேவன்' என்றும் மாற்றினார்கள். முதல் மொழிபெயர்ப்பில் இருந்தது நம் பாட்டிமாரின் சொல்.

இரு சபைகளும் ஒன்றையொன்று கடுமையாக எதிர்த்து நின்ற காலம் அது. அக்காலத்தில் ஒரு வேலியைத் தாண்டி இச்சொல் எப்படி மறுபக்கம் போயிற்று? இக்கேள்விக்கு விடை தேடிச் சென்றால், காவிரிக் கழிமுகத்தில் உள்ள அந்தச் சிற்றூரில் ஒரு மனிதர் சேர்த்து வைத்த ஏட்டுக் களஞ்சியத்தின் வாசலில் போய் நிற்கிறோம்.

மணலில் எழுதிய இளைஞர்

தரங்கம்பாடியை 1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் பெற்றுக் கோட்டை கட்டி வாணிகம் நடத்தினர். எண்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இரு குருக்கள் அங்கு வந்து இறங்கினர். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளுச்சோ. 1706 சூலை 9ஆம் நாள் கரையேறியபோது, சீகன்பால்குவுக்கு இருபத்து நான்கு வயது நிரம்பும் தறுவாய். சாக்சனி நாட்டுப் புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, ஹாலே நகரில் பேராசிரியர் பிராங்கேயிடம் கல்வி பயின்றவர் அவர். உடல்நலம் என்றும் அவருக்கு வாய்த்ததில்லை.

செர்மன், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றைக் கல்விக்கூடத்தில் கற்றார். டேனிய மொழி மேலதிகாரிகளுக்காக வேண்டியிருந்தது. கடற்கரைத் துறைமுகங்களில் எல்லா நாட்டாருக்கும் பொதுவாக வழங்கிய போர்த்துக்கீசியத்தை வந்தவுடனே கற்கத் தொடங்கினார். எஞ்சியது தமிழ். அதற்கு அகராதியோ இலக்கண நூலோ அவர் கையில் இல்லை.

எனவே அவர் ஒரு திண்ணைப்பள்ளி ஆசிரியரை அழைத்துத் தம் இல்லத்திலேயே பள்ளியை நடத்தச் சொன்னார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, விரலால் மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். சொல் தெரிந்தது; ஆனால் பொருளை விளக்க ஆள் வேண்டும். அதற்கு வந்து சேர்ந்தவர் அழகப்பன். டேனியக் கும்பினியில் துபாசியாக இருந்தவர். தமிழோடு போர்த்துக்கீசியம், டேனியம், செர்மன், டச்சு ஆகிய மொழிகளையும் அறிந்தவர். அயல்நாட்டாருக்குத் தம் நாட்டாரின் சமயத்தைத் திறந்து காட்டினார் என்ற குற்றச்சாட்டினால் பின்னர் ஊரைவிட்டு வெளியேறவும் சிறைப்படவும் நேர்ந்தவர். பன்மொழிப் புலமை இக்காலத்தில் பெருமை தரும் ஒன்று. அக்காலத்தில் அது ஆபத்தையும் தந்தது.

ஏடு தேடிய நாள்கள்

பேச்சுத் தமிழ் கைவந்ததும் சீகன்பால்கு ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். கடைத்தெருவில் வழங்கும் தமிழை மட்டும் கற்றால், இந்நாட்டு மக்களின் மனத்தை அறிய முடியாது. அவர்கள் எதைப் படிக்கிறார்கள், எதைப் பாடுகிறார்கள், எதை மனனம் செய்து பிள்ளைகளுக்குத் தருகிறார்கள் என்பதை அறிந்தாக வேண்டும். அவை யாவும் பனையோலையில் இருந்தன.

ஓலைச்சுவடி படிப்பது எளிய செயலன்று. எழுத்தாணியால் கீறிய எழுத்து, கோவையிலைச் சாறும் விளக்குக் கரியும் தடவினால்தான் கண்ணுக்குப் புலனாகும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. சொல்லும் அடியும் பிரியாமல் ஒரே ஓட்டமாக எழுதியிருப்பார்கள். பாட்டின் ஓசையை முன்பே அறிந்தவர்தாம் அதைப் பிரித்துப் படிக்க முடியும். ஆகவே சீகன்பால்கு ஒரு முதிய புலவரையும் ஓர் எழுத்தரையும் ஊதியம் கொடுத்து அமர்த்திக்கொண்டார். காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை அவர்களோடு இருந்து தமிழ்ச் சுவடிகளையே படித்தார். புலவர் பொருள் சொல்ல, எழுத்தர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகலிலும் படிப்புத் தொடரும். இரவில் கண் களைத்தபின் வேறொருவர் படிக்க, இவர் கேட்டுக்கொண்டிருப்பார். சில நூல்களைத் திரும்பத் திரும்ப நூறு முறையும் படித்ததாக அவர் தம் கடிதங்களில் எழுதினார்.

சுவடிகளைப் பெறுவதும் கடினமாகவே இருந்தது. வைத்திருப்போர் அயலாருக்கு எளிதில் கொடுப்பதில்லை. அவர் தம் எழுத்தர்களைப் பல நாள் நடைத்தொலைவில் உள்ள உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பினார். இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடமிருந்து பல ஏடுகள் குறைந்த விலைக்குக் கிடைத்தன என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கணவன் இறந்த வீட்டில், பரண்மேல் கிடந்த சுவடிக்கட்டு ஒரு பெண்ணின் கையால் இறக்கப்படுகிறது. அவள் அதைப் படித்தவளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கையில் வந்த சில காசுகள் அன்றைய அடுப்புக்கு உதவியிருக்கும். தலைமுறை தலைமுறையாகப் படி எடுக்கப்பட்டு வந்த ஒரு நூல், அந்த வீட்டின் வறுமையால் வேறொரு வீட்டுக்குப் போயிற்று. அந்தப் பெண்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஏடு தேடியவரை நாம் போற்றும்போது, ஏட்டை விற்க நேர்ந்தவர்களையும் மறவாதிருப்பது நேர்மை.

ஒரு பட்டியலின் கதை

தமிழ் மண்ணில் இறங்கி இரண்டே ஆண்டுகள் நிறைந்த 1708ஆம் ஆண்டில், தம்மிடம் சேர்ந்த நூல்களுக்கெல்லாம் சீகன்பால்கு செர்மன் மொழியில் ஓர் அட்டவணை எழுதினார். 'பிப்லியோத்தேக்கா மலபாரிக்கா' என்பது அதன் பெயர். அக்காலத்து ஐரோப்பியர் தமிழை 'மலபார் மொழி' என்றே வழங்கினர். எனவே அப்பெயருக்குத் 'தமிழ் நூலகம்' என்பதே பொருள்.

தமிழ் நூல்களின் பெயர்களை மட்டும் அடுக்கிய வரிசையன்று அது. ஒவ்வொரு நூலின் பெயரையும் எழுதி, யார் இயற்றியது, எதைப் பற்றியது, பள்ளியில் படிக்கப்படுவதா என்று விளக்கி, தம் கருத்தையும் சேர்த்தார். சைவம், வைணவம், சமணம் முதலிய இந்நாட்டுச் சமயத்தாரின் நூல்கள் மட்டும் 119 அதில் இடம்பெற்றன. தொல்காப்பியம், திருக்குறள், சிவவாக்கியம் முதலியவை பற்றிய குறிப்புகள் அங்கே உண்டு. உ. வே. சாமிநாத ஐயர் கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது 1887இல். தஞ்சை அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு ஆர்தர் பர்னெல் தந்த அட்டவணை வெளிவந்தது 1880இல். அவற்றுக்கெல்லாம் ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே, இதே காவிரி நாட்டில் ஒருவர் தமிழ் நூல்களுக்கு விளக்க அட்டவணை எழுதிவிட்டார்.

அதே 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செர்மனில் மொழிபெயர்த்தார். இம்மக்கள் கல்வியும் ஒழுக்கமும் அற்றவர்கள் என்று ஐரோப்பாவில் பலர் எண்ணுகிறார்கள். தாமும் வரும்போது அப்படித்தான் எண்ணியிருந்ததாகவும், நூல்களைப் படித்தபின் அக்கருத்து மாறியதாகவும் அவர் எழுதினார். கற்பிக்க வந்தவர் தம் அறியாமையை எழுத்தில் ஒப்புக்கொள்வது சிறிய காரியமன்று.

அவரை இந்நாட்டுச் சமயங்களின் நண்பர் என்று சொல்லிவிட முடியாது. மதம் மாற்றவே வந்தார். அவர் படித்தது பெரிதும் அதற்காகவே. பல நூல்களைப் பற்றி அவர் கூறும் தீர்ப்புகள் கடுமையானவை. ஆயினும் படிக்காமல் தீர்ப்புச் சொல்வதில்லை என்ற நெறியை அவர் கைக்கொண்டார். 1712 முதல் தமிழ் அன்பர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்களின் விடைகளைக் கடிதங்களாகப் பெற்று, செர்மனில் பெயர்க்கச் செய்தார். இவ்வாறு தொகுத்த 99 கடிதங்கள் ஹாலேயில் அச்சாயின. தம்மை மறுத்துப் பேசிய குரலையும் அவர் பாதுகாத்தார்.

நம் நூல்கள் அவர் கையில்

இப்போது சர்வேசுரனுக்குத் திரும்புவோம்.

தரங்கம்பாடியைச் சூழ்ந்த சோழநாட்டில் கத்தோலிக்க மறை அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. தெற்கே நாகப்பட்டினம் 1658 வரை போர்த்துக்கீசியரிடம் இருந்தது. உள்நாட்டில் மதுரை மிசியோனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள் பணியாற்றினர். அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இலேயே கொல்லத்தில் அச்சாகியிருந்தது. தத்துவ போதகரும் அவர் வழிவந்தோரும் இயற்றிய நூல்கள் ஓலைகளிலும் தாள்களிலும் படி எடுக்கப்பட்டு விசுவாசிகளின் இல்லங்களில் வழங்கின.

அவ்வகை நூல்கள் சில சீகன்பால்குவின் கைக்கு வந்தன. அவற்றிற்குத் தம் அட்டவணையில் தனி இடம் தந்தார். அவற்றின் போதனைகளில் பலவற்றை அவர் ஏற்கவில்லை, வெளிப்படையாகவே மறுத்தார். ஆனால் கிறித்தவ மறையைத் தமிழில் எடுத்துச் சொல்லும் நடையையும் சொற்களையும் அவற்றிலிருந்து கற்றுக்கொண்டதை அவர் மறைக்கவில்லை. கடவுளையும் அருளையும் மீட்பையும் திருமுழுக்கையும் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம் முன்னோர் உழைத்துத் தேடிய சொற்கள் அவருக்கு ஆயத்தமாகக் கிடைத்தன.

1708 நவம்பரில் கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பிணக்கால் அவர் ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறையில் இருந்தார். வெளிவந்தபின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711இல் முடித்தார். இலண்டனிலிருந்து ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த ஒரு சங்கம் அச்சுப்பொறி அனுப்பியது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் வந்து சேர்ந்தன. டேனிய மன்னரின் ஆதரவு, செர்மானியரின் உழைப்பு, ஆங்கிலேயரின் பொறி, தமிழ்ப் புலவர்களின் துணை, கத்தோலிக்கரின் சொல் ஆகிய ஐந்தும் கூடித்தான் தமிழின் முதல் புதிய ஏற்பாடு உருவாயிற்று. தனியொருவர் படைப்பு என்று எதைத்தான் நாம் சொல்ல முடியும்?

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாகவும் நின்றுவிடவில்லை. 1711இல் தமிழகம் வந்த வீரமாமுனிவர், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியைத் தம் பணித்தளமாகக் கொண்டார். தரங்கம்பாடியாரின் போதனையை எதிர்த்து அவர் எழுதியவை கூர்மையானவை. அவர்கள் மறுமொழியும் அத்தகையதே. ஆனால் கொடுந்தமிழ் என்னும் பேச்சு வழக்குக்கு வீரமாமுனிவர் இலத்தீனில் இயற்றிய இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது எந்த அச்சகம்? தரங்கம்பாடி லூத்தரன் அச்சகந்தான். அந்நூல் தங்கள் எதிராளியின் நூல் என்பது அவர்களுக்குத் தெரியும். அது நல்ல நூல் என்பதும் தெரியும்.

உறங்கிய தாள்கள்

சீகன்பால்கு 1719 பெப்ருவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். முந்திய ஆண்டு அர்ச்சிக்கப்பட்ட தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் உடல் துயில்கிறது.

அவர் எழுதியவற்றின் விதி வருத்தம் தருவது. இந்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய பெருநூலை ஹாலேயில் இருந்தோர் அச்சிட விரும்பவில்லை. புறச்சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்புவதா என்பது அவர்கள் எண்ணம். அது 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. நூலட்டவணை 1880இல் ஹாலேயிலும், வேறொரு படியைக் கொண்டு 1967இல் இங்கிலாந்திலும் வெளிவந்தது. நீதிநூல் மொழிபெயர்ப்புகள் 1930 வரை காத்திருந்தன. அட்டவணையின் விரிவான ஆங்கிலப் பதிப்பு 2012இல் புதுச்சேரியில் வெளியாயிற்று.

தரங்கம்பாடியில் அவர் திரட்டி வைத்த ஏட்டுக் களஞ்சியம் அவ்விடத்தில் இன்று இல்லை. உப்புக்காற்றும் செல்லும் பூச்சியும் ஓலைக்கு நண்பர்கள் அல்ல. நூலகம் போயிற்று; அதன் பட்டியல் நின்றது. அப்பட்டியல் இருப்பதனால்தான் 1708இல் காவிரிக் கழிமுகத்துத் தமிழர் எவற்றைப் படித்தார்கள் என்று நாம் அறிகிறோம்.

நம் வீட்டுப் பரண்

நம்மவரிலும் இப்பணி செய்தோர் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த கத்தோலிக்கப் பொதுநிலையினர் முத்துசாமிப் பிள்ளை, சென்னைக் கோட்டைக் கல்லூரியில் பணியாற்றியவர். பல மொழி அறிந்தவர். எல்லிசு துரையின் தூண்டுதலால் தென்மாவட்டங்களில் வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடித் திரட்டி, 1822இல் முனிவரின் வரலாற்றையும் எழுதினார். தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் நம் பழைய அச்சு நூல்களைத் தேடினார். அந்தாம் தெ புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது; அதன் படியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் மறுபதிப்பாக உலகுக்குத் தந்தார். நம் நாட்டில் அச்சான நூலைக் காண நாம் உரோமைக்குப் போக வேண்டியிருந்தது.

உரோமையிலும் ஹாலேயிலும் இருப்பவை பத்திரமாக இருக்கின்றன. நம் கவலை இங்கே இருப்பவற்றைப் பற்றியது. தஞ்சை, கும்பகோணம் மறைமாவட்டங்களின் பழைய பங்குகளில் கோயில் அலமாரிகளிலும் இல்லங்களிலும் கையெழுத்துப் படிகள் இன்னும் கிடக்கக்கூடும். புனிதர் வாசாப்பு, அம்மானை, பாசுகு நாடகப் பிரதி, தவக்காலப் புலம்பல், பாட்டனார் கையால் எழுதிய செபப் புத்தகம் என்று அவை பல வகை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் நாளில் அவை பழைய தாளோடு எடைக்குப் போகின்றன. விற்பவரைக் குறை கூறுவதில் பயனில்லை. அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் அச்சிட நம்மால் முடியாது. பாதுகாக்க மாளிகை கட்டவும் முடியாது. பட்டியல் எழுத முடியும். ஒவ்வொரு பங்கிலும் கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லட்டும். நூலின் பெயர் என்ன, யார் எழுதியது, எதைப் பற்றியது, யார் வீட்டில் உள்ளது என்னும் நான்கு செய்திகளை எழுதட்டும். அட்டவணைக்கு வேறு பெரிய கலை எதுவும் தேவையில்லை. கொடுத்தவரின் பெயரையும், அவர் கைம்பெண்ணாயினும் ஏழையாயினும், அதே ஏட்டில் எழுதட்டும். முன்பு விடுபட்ட நீதி அவ்வாறு ஓரளவு நிறைவேறும். பிரிந்த சகோதரரின் இல்லத்திலும் கேட்கட்டும். அங்கும் நம் சொற்கள் இருக்கும்; நம்மிடம் அவர்கள் சொற்கள் இருப்பதைப் போல. திருச்சபைகளின் ஒன்றிப்பைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் பேசியது 1964இல். ஓலைகளில் அது முன்பே தொடங்கிவிட்டது.

தம் கருவூலத்திலிருந்து புதியனவும் பழையனவும் எடுத்து வழங்கும் வீட்டுத்தலைவரைப் பற்றி ஆண்டவர் பேசினார். நம் காவிரி நாட்டு உழவர்க்கு அது எளிதில் விளங்கும். பத்தாயத்து நெல் உண்பதற்கு. வைக்கோற்புரி சுற்றிக் கோட்டை கட்டி வைத்த நெல் விதைப்பதற்கு. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டிலும் விதைக்கோட்டையைப் பிரித்து உலையில் இடுவதில்லை. பக்கத்து நிலத்துக்காரன் நேற்றுச் சண்டையிட்டவனாயினும், விதை கேட்டு வந்தால் இல்லை என்பதில்லை. சர்வேசுரன் என்னும் சொல் அப்படித்தான் வேலி தாண்டிப் போய் விளைந்தது. நம் பரணில் இன்னும் எத்தனை விதைகள் இருக்கின்றன என்பதை இந்தத் தைக்குள் ஏறிப் பார்ப்போமா?